திரையைப் பிடித்துக்கொண்டு சொன்னது

"வாப்பாக்கு அப்படி என்னதான் வருத்தம் மாமா? கிழமைக்குக் கிழமை டொக்டர்ட்டப் போறாரே, என்னத்துக்கு?"

உன் மகள் இப்படிக் கேட்டபோது, வகுப்பில் விடை தெரியாத கேள்வி வந்தால் நாம் எல்லோரும் செய்கிற தந்திரத்தைத்தான் நானும் செய்தேன். "நல்ல கேள்வி மகள், பாப்பம்" என்று சொல்லிவிட்டுத் தேநீர்க் கோப்பைக்குள் முகத்தை வைத்துக்கொண்டேன்.

இன்று காலை அந்தக் கேள்வி திரும்ப வந்தது. காரணம் ஒரு கதவு. மச்சான், காரைதீவு டிஸ்பென்சரியில் திரையைக் கழற்றிவிட்டார்கள். டொக்டரின் அறைக்கு ஏசி பூட்டியிருக்கிறார்கள், ஆகவே கண்ணாடிக் கதவு. நீலத் துணியில் வெள்ளைப் பூப்போட்ட அந்தப் பழைய திரையின் ஓரத்தில், நெஞ்சுயரத்தில், ஓர் இடம் மட்டும் பூவெல்லாம் அழிந்து மினுங்கிக்கொண்டிருக்குமே, போகிற வருகிற எல்லோரும் பிடித்து விலக்குகிற இடம். இப்போது அந்த உயரத்தில் ஒரு வெள்ளிக் கம்பி இருக்கிறது. தொட்டால் குளிர்கிறது. கையை எடுத்தால் கதவு தானாகப் போய்ச் சாத்திக்கொள்கிறது.

நோயாளர்கள் காத்திருக்கும் வாங்கில் உட்கார்ந்து அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு வீட்டுக்கு வந்து இதை எழுத உட்கார்ந்தேன். உன் மகளுக்குத் தன் கேள்விக்கான பதில் கிடைத்து வெகு காலமாகிவிட்டது. ஆனாலும் முறையாக ஒரு விடை எழுதி உன்னிடம் தரவேண்டும் போலிருக்கிறது. பிந்தி வந்த விடைத்தாளுக்கு நீ புள்ளி வெட்டுவாய் என்பது தெரிந்ததுதான்.

நீ கணக்கு, நான் தமிழ். ஒரே பாடசாலையில் பக்கத்துப் பக்கத்து வகுப்புகள். உன் பக்கத்திலிருந்து வாய்ப்பாடு வரும், என் பக்கத்திலிருந்து செய்யுள் போகும். நடுவில் இருந்த பலகைத் தட்டி இரண்டையும் கலந்துவிடும். நாம் ஓய்வு பெற்ற பிறகு உன் மனைவி மௌத்தாகி நீ தனித்துப்போனாய். நீ கட்டிய வீட்டின் முன்னறையில் நீ இருந்தாய். நம் பக்கத்து வழக்கப்படி அது மகளுக்குச் சீதனமாக எழுதிக் கொடுத்த வீடு. வாப்பாமார் தாம் கட்டிய வீட்டிலேயே சற்று விருந்தாளிகள். உன்னை யாரும் குறைவாக நடத்தவில்லை. உன் மகள் தங்கமான பிள்ளை. மருமகன் உன்னைக் கேட்காமல் மீன்கூட வாங்கமாட்டார்.

அப்படி இருந்தும் கிழமை தவறாமல் காரைதீவுக்கு வெளிக்கிட்டுவிடுவாய். எனக்குச் சீனி வருத்தம் இருப்பதால் மாதத்தில் ஒரு தடவை நானும் போகவேண்டும். அதைச் சாட்டாக வைத்து மற்றக் கிழமைகளிலும் என் ஸ்கூட்டரின் பின்னால் ஏறிக்கொள்வாய். ஒரு கிழமை முழங்கால். அடுத்த கிழமை வாய்வு. பிறகு காதுக்குள் இரைச்சல். பிறகு மறுபடியும் முழங்கால், ஆனால் மற்ற முழங்கால்.

சந்தித் தேநீர்க்கடையில் ஒருநாள் உன் பழைய மாணவன் ஒருவன், இப்போது வள்ளமும் வலையுமாகப் பெரிய முதலாளி, உன்னைச் சீண்டினான்.

"சேர், டிஸ்பென்சரியில இடாப்புக் கூப்பிடுறாங்களா? ஒரு நாளும் ஆப்சன்ட் இல்லயே!"

"ஓம் தம்பி. நீ படிக்கக்குள்ள வராத நாளையெல்லாம் நான் இப்ப போய் நிரப்புறன்."

கடையே சிரித்தது. அவன்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தான். நீ சிரித்ததை மட்டும் நான் பார்க்கவில்லை.

மகளின் கேள்வி என்னைக் குடைந்துகொண்டே இருந்ததால் நான் வாங்கில் இருக்கிறவர்களைக் கவனிக்கத் தொடங்கினேன். மாதம் பூராவும் அதே முகங்கள்தான். நமக்குப் பக்கத்தில் எப்போதும் ஓர் உம்மா இருப்பார். பிள்ளைகள் எல்லாம் ஓமானில். டொக்டர் சொல்லும் முன்பே வளையலைக் கழற்றிக் கையை நீட்டிக்கொண்டு உள்ளே போவார். "பிரசர் பாக்கத்தான் வாற. கையில ஒராள் தொட்டுப் பாக்கிறது இஞ்ச மட்டுந்தான் புள்ள" என்று அவரே வாங்கு முழுவதற்கும் கேட்கச் சொல்லிச் சிரிப்பார். ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் வருவார். ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு மருந்து, கல்முனையில் ஒரு பெரிய டொக்டர் எழுதிய மருந்து, பார்மசியில் தானே வாங்கிய மருந்து. எதை எப்போது குடிப்பது என்று அவருக்கு விளங்கவில்லை. விளங்கவில்லை என்று சொல்ல வெட்கம். அதனால் "சுகமில்ல" என்று சொல்லித் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தார். மார்கழியில் மட்டும் நித்திரை வரவில்லை என்று வரும் ஒரு பெண்ணும் இருந்தார். கடல் ஊருக்குள் வந்தது எந்த மாதத்தில் என்பது டொக்டருக்கும் தெரியும். அவர் காரணம் கேட்பதில்லை.

இதையும் சொல்லவேண்டும். வாங்கில் இருந்தவர்களில் முக்கால்வாசிப் பேருக்கு உண்மையாகவே உடம்பு சரியில்லை. சீனி, பிரசர், நெஞ்சு, கால் வீக்கம் எல்லாம் ஒரே ஆளுக்கு. மழைக்காலத்தில் வீடு ஒழுகுகிறவன் கூரைக்காரனைத் தேடி அடிக்கடிதான் போவான். அதில் அதிசயம் இல்லை.

ஆனால் நீ இவர்களில் எந்த ஆள் என்று எனக்குப் பிடிபடவில்லை.

என் சீனியைப் பார்க்கும்போது ஒருநாள் டொக்டரிடம் பொதுவாகக் கேட்டுப் பார்த்தேன். அந்த டொக்டரம்மாவை உனக்குத் தெரியும், பிறந்தது காரைதீவு, சைவக் குடும்பத்துப் பிள்ளை, வாய் சும்மா இருக்காது.

"இந்த வயசாளிகள் முதல்ல சொல்ற வருத்தம் டிக்கட் மாதிரி மாஸ்டர். டிக்கட் இல்லாம பஸ்சுல ஏற ஏலாதே. அதுக்குத்தான் முழங்காலும் வாய்வும். எங்க போகணும் எண்டுறத எழும்பிப் போகக்குள்ளதான் சொல்லுவாங்க, உந்தத் திரையப் புடிச்சிட்டு."

அதன்பிறகுதான் ஒன்றைக் கவனித்தேன். ஒருவர் வெளியே வந்ததும் அடுத்தவரைக் கூப்பிடும் மணி உடனே அடிக்காது. திரை ஆடி ஆடி நிற்கும். அதன்பிறகே மணி. அவ்வளவு காலமும் அவர் ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார் என்றுதான் நாம் நினைத்திருந்தோம்.

இன்னொன்றும் கவனித்தேன். இது நம் பாடத்தோடு சம்பந்தப்பட்டது. வீட்டில் உன்னிடம் எல்லோரும் கேட்பது "வாப்பா, என்ன வேணும்?" அதற்கு ஒரு பொருளைத்தான் பதிலாகச் சொல்லமுடியும். தண்ணீர் வேணும், துவாய் வேணும், ஒன்றும் வேணாம். டொக்டர் கேட்பது "என்ன செய்யுது?" எது செய்கிறது என்று அதில் இல்லை. தோன்றா எழுவாய். கேட்கிறவருக்கும் தெரியாது, சில வேளை சொல்லப்போகிறவருக்கும் தெரியாது. இரண்டு பேருமாக இருந்து தேடவேண்டும். எத்தனை வருடம் நான் தோன்றா எழுவாய் படிப்பித்தேன், இதற்கு மேலான உதாரணம் எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை.

அந்த நாட்களில் ஊரில் உன்னைப் பற்றி இன்னொரு பேச்சும் இருந்தது. கணக்கு மாஸ்டர் இப்போது நல்ல பேணுதல் என்று. ஐந்து நேரமும் பள்ளிவாசல். மழை பெய்தால் குடை, வெள்ளம் நின்றால் சாரனைத் தூக்கிக் கட்டிக்கொண்டு. உன் மகள் அதைச் சொல்லும்போது அவள் கண் கலங்கும்.

"வீட்டில தனியாத் தொழுற சுன்னத்துத் தொழுகையும் லேசுல முடியாது மாமா. நிப்பார், குனிவார், திரும்ப எழும்பி நிப்பார். ஸுஜூதுல நிலத்தில தலைய வச்சா எடுக்கிறல்ல. உம்மா போன புறகுதான் வாப்பா இப்படி மறுமையைப் பயந்திட்டார்."

கேட்க எனக்குப் பொறாமையாக இருந்தது. என் தொழுகை எப்போதும் பஸ்சுக்கு ஓடுகிறவனின் தொழுகை.

இந்த நேரத்தில்தான் கத்தாரிலிருந்து உன் மகன் செய்தி அனுப்பினான். வாப்பாவை உம்றாவுக்கு அனுப்பவேண்டும், ஒழுங்கெல்லாம் செய்தாயிற்று, ஊரிலிருந்து ஒரு கூட்டம் போகிறது, அவர்களோடு சேர்த்துவிடலாம். மக்காவுக்குப் போய் கஃபாவைக் கண்ணால் காணவேண்டும் என்று நீ உன் மனைவி இருந்த காலத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவன். எல்லோரும் நீ துள்ளிக் குதிப்பாய் என்று பார்த்தார்கள். நீ "முழங்கால் ஏலாது" என்றாய். சக்கர நாற்காலி இருக்கிறது என்றார்கள். வாய்வு என்றாய்.

அன்று உன் மகள் என்னிடம் வந்து அந்தக் கேள்வியைத் திரும்பவும் கேட்டாள். இப்போது அதில் கோபமும் சேர்ந்திருந்தது.

"ஊரே ஏங்குது மாமா. இவர் நொண்டிச்சாட்டுச் சொல்றார். டொக்டர்தான் போக வேணாமெண்டு சென்னாவா? ஒருக்கா நானும் கூடப் போன. எல்லாம் கேட்டு முடிஞ்சி எழும்பின புறகும் வாப்பா திரையடியில நிண்டுட்டார். செல்லியாச்சித்தானே வாப்பா, சனம் காத்திட்டிருக்கி, வாங்க எண்டு கையப் புடிச்சிக் கூட்டிட்டு வந்திட்டன். இந்தக் கிழமை பேர் குடுக்காட்டி கூட்டம் போயிரும். நீங்கதான் கேட்டுச் செல்லணும்."

அடுத்த நாள் நானும் நீயும் போனோம். நினைவிருக்கிறதா என்று எழுத வந்தேன், அடித்துவிட்டேன். உனக்காக நானே நினைவு வைத்திருக்கிறேன். வெயில். வாங்கில் நமக்குத் திரையோரத்து இடம் கிடைத்தது. உன் முறை வந்ததும் உள்ளே போனாய். துணிக்கு அப்பால் பேச்சுக் கேட்டது.

"வாங்க மாஸ்டர். என்ன செய்யுது?"

"முழங்கால் டொக்டர்."

"போன கிழமை வலது. அதுக்கு முதல் இடது. இந்தக் கிழமை எது? மூண்டாவது ஒண்டு வச்சிருக்கீங்களா?"

நீ சிரித்தாய். அவர் காலை மடக்கிப் பார்த்திருக்கவேண்டும், "நோகுதா, நோகுதா" என்று கேட்டது. பிறகு கதிரை இழுபடும் சத்தம். திரையின் மினுங்கிய இடத்தில் உன் விரல்கள் தெரிந்தன. உன் பாதி உடம்பு வெளியே வந்துவிட்டது. சட்டையின் முதுகுப் பக்கம் நனைந்திருந்தது. அப்படியே நின்றாய்.

நான் எழும்பவில்லை. மணியும் அடிக்கவில்லை.

"டொக்டர்," என்றாய், முகத்தை உள்ளே திருப்பி. "ரக்அத் பிழைக்குது."

பேனையை மேசையில் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு அவர் சொன்னார், "உள்ள வாங்க மாஸ்டர். இரிங்க. எனக்கு விளங்கல்ல, விளங்கப்படுத்துங்க."

நீ திரும்பி என் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாய். மூன்று பேருமாக அந்தச் சின்ன அறைக்குள் இருந்தோம்.

"எங்களுக்குப் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் தெரியும் மாஸ்டர். அதைக் கேட்டுத்தான் எங்கட அம்மா உலை வைப்பா. ரக்அத் எண்டா என்ன?"

நீ படிப்பித்தாய். வகுப்பில் எப்படி நிற்பாயோ அப்படியே முதுகு நிமிர்ந்துவிட்டது. ஒரு நிலை, ஒரு குனிவு, இரண்டு ஸுஜூது. இது சேர்ந்தால் ஒரு ரக்அத். பகல் தொழுகைக்கு நாலு. அந்தித் தொழுகை மஃரிபுக்கு மூன்று. கூட்டாகத் தொழுதால் இமாம் எண்ணிக்கொள்வார், பின்னால் நிற்கிறவர் அவரைப் பார்த்துச் செய்தால் போதும். தனியாகத் தொழுதால் தானே எண்ணவேண்டும். மூன்றா நாலா என்று சந்தேகம் வந்தால், குறைந்ததை எடுத்துக்கொண்டு மிச்சத்தைத் தொழவேண்டும். கடைசியில் மறதிக்காக இரண்டு ஸுஜூது கூடச் செய்யவேண்டும்.

"எனக்கு இப்ப எல்லாத் தொழுகையிலயும் சந்தேகம் டொக்டர். மூண்டு எண்டு நினைச்சு இன்னொண்டு தொழுவன். அதுக்குள்ள முந்தினதும் மறந்திரும். திரும்ப ஒண்டு. வீட்டில புள்ள நினைக்கிறா வாப்பாக்குப் பக்தி கூடிட்டு எண்டு. ஊரும் அதத்தான் கதைக்குது. நான் எண்ணத் தெரியாம நிக்கிறன். கணக்குப் படிப்பிச்ச மனிசன்."

எனக்கு அப்போதுதான் எல்லாம் ஒன்றாக விளங்கியது. மழையிலும் பள்ளிவாசலுக்கு நீ ஓடியது, அங்கே உனக்காக எண்ண ஒருவர் இருந்ததால். உம்றாவுக்கு மறுத்ததும் அதனால்தான். கஃபாவை ஏழு தடவை சுற்றவேண்டும், ஸஃபா, மர்வா குன்றுகளுக்கு நடுவில் ஏழு தடவை நடக்கவேண்டும், அங்கே ஒவ்வொருவரும் தன் கணக்கைத் தானே வைக்கவேண்டும். உன் கண்ணுக்கு அது பரீட்சை மண்டபமாகத் தெரிந்திருக்கிறது.

டொக்டர் ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை. "மூண்டு சொல் சொல்றன், மனசில வச்சிக்கங்க. தேங்காய், சைக்கிள், மல்லிகை" என்றார். பிறகு நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துக்கொண்டு போகச் சொன்னார். நீ கழித்தாய். தொண்ணூற்று மூன்று, எண்பத்தாறு, எழுபத்தொன்பது என்று ஓட்டமாக ஓடினாய். சரிபார்க்க முடியாமல் அவர் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"காணும் காணும், எனக்குத் தலை சுத்துது. இப்ப சொல்லுங்க, நான் சொன்ன மூண்டு சொல்லும் என்ன?"

நீ கூரையைப் பார்த்தாய். நிலத்தைப் பார்த்தாய். என்னைப் பார்த்தாய். பரீட்சையில் எட்டிப் பார்க்கிற பிள்ளையின் பார்வை அது. நான் வாயை இறுக்கி மூடிக்கொண்டேன்.

"தேங்காய்," என்றாய்.

"மத்தது?"

"தேங்காய் விலை கூடிப்போனதாலதான் அதாவது நிண்டிருக்கி டொக்டர்."

மூன்று பேரும் சிரித்தோம். சிரித்துக்கொண்டிருக்கும்போதே உன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. நீ துடைக்கவில்லை.

"கணக்கு உங்கள விட்டுப் போகல்ல மாஸ்டர்," என்றார் அவர். "அது கல்லுல வெட்டினமாதிரி இரிக்குது. இப்ப சற்று முதல் நடந்ததுதான் நிக்குதில்ல. ரண்டும் வேற வேற. ஏன் நிக்குதில்ல எண்டு பாப்பம். பாக்காம நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

உன் முகத்தைப் பார்த்தேன். நீ கேட்டது அந்த முதல் வசனத்தை மட்டுந்தான் என்று நினைக்கிறேன்.

வீட்டிலிருக்கும் மருந்தையெல்லாம் அள்ளிக்கொண்டு வரச்சொன்னார். ஷொப்பிங் பையில் கொண்டுபோய் மேசையில் கொட்டினோம். சொறிக்கு என்று பார்மசியில் வாங்கி இரவு தவறாமல் போட்டுக்கொண்டிருந்த குளிசை ஒன்று. மனைவி மௌத்தான நாளில் நித்திரைக்கு என்று யாரோ எழுதிக் கொடுத்து, அதன்பிறகு யாரும் நிறுத்தச் சொல்லாத குளிசை இன்னொன்று. இரண்டும் ஞாபகத்தை மங்கவைக்கும் என்று அவர் தலையை ஆட்டினார். ஒன்றை உடனே நிறுத்தினார், மற்றதைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். இரத்தம் பார்க்க அனுப்பினார். காதைக் கழுவினார். "நீங்க ஒவ்வொரு கிழமையும் வந்தது நல்லம்," என்றார். "வராம வீட்டில இருந்திருந்தா இது எனக்குத் தெரிய வந்திராது. ஆனா முழுக்கத் திரும்பி வரும் எண்டும் நான் சொல்லமாட்டன்."

கொஞ்சம் திரும்பி வந்தது. சில கிழமைகளில் உன் பேச்சு தெளிந்தது, நடக்கும்போது தள்ளாட்டம் நின்றது. ரக்அத் பிழைப்பது குறைந்தது, நிற்கவில்லை.

திரும்பி வரும் வழியில் ஒருநாள் ஸ்கூட்டரின் பின்னாலிருந்து நான் கேட்காமலே சொன்னாய்.

"நம்மட ஊர் டொக்டர்ட்டச் சென்னா, அவரும் நானும் ஒரே ஸப்புல வரிசையா நிண்டு தொழணும் மச்சான். ஒவ்வொரு தரமும் தொழுது முடிச்சு ஸலாம் குடுக்கக்குள்ள, இவர் எண்ணினாரா எண்டு என்னைப் பாப்பார். இந்த டொக்டர்ப் புள்ளைக்கு ரக்அத் எண்டாலே என்னெண்டு தெரியா. அதுதான் வாய் தொறந்து செல்ல ஏலுமா இருந்த."

பக்கத்து ஊர். நடந்தே போகலாம். ஆனால் நம் தொழுகையின் கணக்குத் தெரியாத ஒருவரிடம் போய்ச் சொல்லத்தான் உனக்குத் துணிவு வந்திருக்கிறது. அந்த அம்மாவின் கண்ணில் நீ நோயாளியாக மட்டும் இருந்தாய். பள்ளிவாசலில் முன்வரிசை மாஸ்டராக இருக்கவேண்டியதில்லை.

அந்தக் கூட்டம் போய்விட்டது, அடுத்ததற்குப் பேர் எடுத்தார்கள். மகளிடம் சொல்லவேண்டியது மிச்சம். நான் சொல்லவா என்றேன். வேண்டாம் என்றாய். மஃரிப் தொழுதுவிட்டு உன் முன்னறையில் இருந்தோம். அவள் தேநீர் கொண்டுவந்தாள்.

"மகள், உம்றாக்குப் பேர் குடுப்பம்."

தட்டை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். "மெய்யா வாப்பா? அல்ஹம்துலில்லாஹ்!"

"நீயும் வரணும்."

"நான் என்னத்துக்கு? வீட்ட ஆர் பாக்கிற? கூட்டத்தில ஆக்கள் இரிக்காங்கதானே."

"எண்ணுறதுக்கு ஒராள் வேணும் புள்ள."

அவள் சிரித்தாள். கணக்கு மாஸ்டர் எண்ணுவதற்கு ஆள் கேட்கிறார் என்றால் யார்தான் சிரிக்கமாட்டார்கள். நீ சிரிக்கவில்லை. அவள் என்னைப் பார்த்தாள். நான் உன்னைப் பார்த்தேன். தட்டை மேசையில் வைத்துவிட்டு உன் காலடியில் நிலத்தில் இருந்தாள்.

"எண்ட வாப்பா," என்றாள். "அந்த நீளத் தொழுகையெல்லாம்..."

"ஓம் மகள்."

அவள் உன் முழங்காலைப் பிடித்துவிடத் தொடங்கினாள். அந்த முழங்காலில் நோவு இல்லை என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனாலும் பிடித்துவிட்டாள், நீயும் காலை நீட்டிக் கொடுத்தாய்.

மருமகன் லீவு எடுத்து வீட்டைப் பார்த்தார். நீங்கள் போனீர்கள். அங்கிருந்து அவள் எனக்குத் தொலைபேசியில் கதைத்தபோது பின்னால் கடல் இரைவதுபோலச் சனத்தின் சத்தம்.

"மாமா, வாப்பாட கையப் புடிச்சிட்டே சுத்தின. ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு விரல மடக்கிட்டு வந்த. ஏழும் முடிஞ்சி. இவர் எட்டாவதும் சுத்துவமாம், சந்தேகத்துக்கு!"

"குடு போனை அவர்ட்ட."

நீ வந்தாய். "ஏழுதான் மச்சான்," என்றாய். "புள்ள சரியா எண்ணிட்டா. நான் கணக்குப் பாக்காம அல்லாஹ்வ மட்டும் நினைச்சிட்டு வணங்கின இதுதான் முதல்தரம்."

ஊருக்கு வந்த பிறகும் நீ டொக்டரிடம் போனாய், முந்தியதுபோல அடிக்கடி. மகள்தான் கூட்டிப்போனாள். ஆனால் இப்போது கதிரையில் இருந்ததும் முதல் வசனத்திலேயே சொல்லிவிடுவாய், நேற்று எந்தப் பெயர் வரவில்லை, எந்தத் தெருவில் திரும்ப மறந்தாய் என்று. "இப்பெல்லாம் டிக்கட் இல்லாமலே ஏறுறீங்க மாஸ்டர்" என்று அந்த அம்மா சொன்னதை வாங்கில் எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிச் சிரித்தாய். சொன்னவர்களிடமே திரும்பவும் சொன்னாய். அவர்களும் திரும்பவும் சிரித்தார்கள்.

பள்ளிவாசலுக்கு நடக்க ஏலாமல் போன காலத்தில் நான் உன் அறைக்கு வருவேன். இரண்டு பேர் தொழும்போது பின்பற்றுகிறவர் இமாமின் வலப்பக்கம் நிற்கவேண்டும். எனவே நீ என் வலப்பக்கம், பிறகு கதிரையில் இருந்துகொண்டு. ஸலாம் கொடுத்து முடித்ததும் என் பக்கம் திரும்பிப் பார்ப்பாய். சரியாக முடிந்ததா என்று கண் கேட்கும். நான் கண்ணை மெதுவாக மூடித் திறப்பேன். முடிந்தது மச்சான், குறையவும் இல்லை கூடவும் இல்லை. உன் தோள் தளர்ந்து இறங்கும். என் பஸ்காரத் தொழுகை அப்போதுதான் நிதானத்துக்கு வந்தது. இரண்டு பேருக்காக எண்ணுகிறவன் ஓடமுடியாது.

உன்னை மையவாடியில் அடக்கிவிட்டு வந்த பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை. பள்ளிவாசலில் ஸலாம் கொடுத்ததும் வலப்பக்கத்தில் யார் இருந்தாலும் என் கண் மெதுவாக மூடித் திறக்கிறது. சில பேர் பதிலுக்குத் தலையசைக்கிறார்கள். இளம் பிள்ளைகள் விழிக்கிறார்கள்.

இன்று காலை டொக்டரிடம் கதவைப் பற்றிக் கேட்டேன். "தம்பிமார் பூட்டிட்டாங்க மாஸ்டர், மருந்துக்குக் குளிர் வேணுமாம்" என்றார். பார்த்துவிட்டு நான் எழும்பியதும் அவரும் எழும்பினார். மேசையைச் சுற்றி வந்து என்னோடு கதவுவரை நடந்து, அந்தக் கம்பியைத் தானே பிடித்துக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பேசாமல் நின்றார். முன்பு திரை ஆடி நிற்கும் நேரம் இருக்குமே, அந்த அளவு நேரம். எனக்கும் ஒன்று சொல்ல இருந்தது. சொன்னேன். அது என்ன என்பதை உன்னிடம் நேரில் சொல்கிறேன், இன்ஷா அல்லாஹ்.

இதை வாசிக்கிற பிள்ளைகளுக்கு ஒரு வீட்டுப்பாடம். அடுத்த முறை உங்கள் வாப்பாவையோ உம்மாவையோ, அப்பாவையோ அம்மாவையோ டொக்டரிடம் கூட்டிப்போனால், அவர்கள் எழும்பிக் கதவடிக்கு வந்ததும் கையைப் பிடித்து இழுக்காமல் கொஞ்ச நேரம் பேசாமல் நின்று பாருங்கள்.